தண்டனை, அச்சம், கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தண்டனையின் கடுமை கூடக் கூடக் குற்றம் குறையும் என்பதற்கு ஆய்வுகளில் வலுவான சான்று இல்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோபமானவை. ஆனால் கோபத்தோடு சேர்த்து நல்ல கேள்விகளும் வந்திருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாப் பெயர்களையுமே விட்டுவிட்டேன்.

கேள்வி: நான் நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். பிரம்பைக் கண்டால் பிள்ளைகள் அடங்குவார்கள் என்பது என் அனுபவம். தூக்குக் கயிற்றைக் கண்டால் கொலைகாரன் அடங்கமாட்டான் என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் வகுப்பறையில் பிள்ளைகளை அடக்கியது பிரம்பின் நீளமா, அல்லது நீங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்ததா என்று எண்ணிப் பாருங்கள், ஐயா. இந்த வேறுபாட்டை இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டிவிட்டார்: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அது தப்பாமல் வந்து சேரும் என்ற உறுதிதான். இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இத்துறையின் ஆய்வுகளையெல்லாம் ஒருங்கே எடைபோட்ட டேனியல் நேகின் போன்றவர்களும் ஏறத்தாழ அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். பிடிபடுவோம் என்ற எண்ணம் ஒருவனைத் தயங்கவைக்கிறது. ஐந்து ஆண்டுத் தண்டனை பத்து ஆண்டாக உயர்ந்திருக்கிறது என்ற செய்தி அவன் காதுக்கு எட்டுவதே அரிது, எட்டினாலும் அந்தக் கணத்தில் அது பொருட்படுத்தப்படுவது இன்னும் அரிது.

இதைச் சோதிக்க ஒரு நுட்பமான வழி உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பதினெட்டு வயது நிறைந்த அன்றே ஒருவர் சிறார் நீதிமன்றத்தின் வரம்பைக் கடந்துவிடுகிறார். அதே குற்றத்துக்கு அவர் பெறக்கூடிய தண்டனை ஒரே நாளில் வெகுவாகக் கூடிவிடுகிறது. கடுமைக்கு அஞ்சுவது உண்மையானால், அந்தப் பிறந்தநாளையொட்டிக் குற்றங்கள் சட்டென்று சரிய வேண்டும். டேவிட் லீயும் ஜஸ்டின் மெக்ராரியும் கைதுப் பதிவுகளை ஆராய்ந்தபோது கண்டது மிகச் சிறிய சரிவையே.

தூக்குத் தண்டனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1975ஆம் ஆண்டில் ஐசக் எர்லிக் என்ற பொருளியல் அறிஞர், ஒவ்வொரு மரண தண்டனை நிறைவேற்றமும் ஏறக்குறைய எட்டுக் கொலைகளைத் தடுத்திருக்கலாம் என்று கணக்கிட்டு வெளியிட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு அதை எடுத்துக்காட்டியது. அவர் எடுத்துக்கொண்ட தரவுகளில் 1960களின் பிற்பகுதி ஆண்டுகள் சிலவற்றை நீக்கிவிட்டால் அந்த விளைவே மறைந்துபோகிறது என்று மற்றவர்கள் விரைவில் காட்டினார்கள். பிறகு பல பத்தாண்டுகள், எட்டு என்றும் பதினெட்டு என்றும் சுழியம் என்றும், ஏன், கொலை கூடுகிறது என்றும்கூட முடிவுகள் வந்துகொண்டேயிருந்தன. 2012இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் இவையனைத்தையும் பரிசீலித்து, எந்தத் திசையிலும் கொள்கை முடிவுக்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. எனவே, தூக்கு தடுக்காது என்று நிறுவப்பட்டுவிட்டதாக நானும் சொல்லவில்லை. தடுக்கிறது என்பதற்குச் சான்று காட்ட முடியவில்லை என்கிறேன். கொடிய குற்றத்துக்கு அதுதான் தகுந்த கூலி என்று நீங்கள் அறத்தின் பெயரால் வாதிடலாம். அது வேறு வழக்கு. அதற்குப் புள்ளிவிவரத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: தடம் மாறத் தொடங்கும் பையன்களை ஒருநாள் சிறைக்குள் அழைத்துச் சென்று, ஆயுள் கைதிகளைக் கொண்டே பேசவைத்தால் திருந்திவிடுவார்களே! செலவும் குறைவு. ஏன் எல்லா ஊரிலும் இதைச் செய்யக் கூடாது? (சமூகப் பணியில் ஈடுபட்டுள்ள ஒருவர்)

பதில்: செய்து பார்த்துவிட்டார்கள், அம்மா. விளைவு நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. 1970களில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில் ஆயுள் கைதிகள் இத்தகைய திட்டம் ஒன்றை நடத்தினார்கள். கைதிகள் பையன்களைச் சூழ்ந்து நின்று கத்துவார்கள். சிறையின் கொடுமைகளைப் பச்சையாக விவரிப்பார்கள். 1978இல் வெளியான ஆவணப்படம் ஒன்று அதை நாடெங்கும் புகழ்பெறச் செய்தது. வந்துபோனவர்களில் மிகப் பெரும்பாலோர் திருந்திவிட்டார்கள் என்று பார்ப்பவர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் விடுபட்டுப்போன கேள்வி ஒன்றே: போகாத பையன்கள் என்ன ஆனார்கள்? ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபின்கனாவர் இரு தரப்பையும் ஆறு மாதம் பின்தொடர்ந்தார். சிறைக்குப் போய்வந்தவர்களில் ஏறத்தாழ 41 விழுக்காட்டினரும், போகாதவர்களில் 11 விழுக்காட்டினரும் மீண்டும் குற்றத்தில் சிக்கினார்கள். யார் சிறைக்குப் போவது, யார் போகாதது என்பதைக் குலுக்கிப் பிரிக்கும் முறை அவருடைய ஆய்வில் முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்ற குறை உண்டு. ஆனால் பின்னர் அந்தோணி பெட்ரோசினோவும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பையன்களை அச்சுறுத்தாமல் அப்படியே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற முடிவே கிடைத்தது.

அச்சுறுத்தல்தான் தவறு, அன்பு காட்டினால் சரியாகிவிடும் என்று நீங்கள் நினைத்தால், அதையும் ஒரு கதை கலைத்துவிடும். இத்துறையில் எனக்கு மிகவும் தூக்கத்தைக் கெடுத்த ஆய்வு அதுதான். சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு நகரங்களின் ஏழைப் பகுதிகளிலிருந்து 506 சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார். வயது, குடும்பச் சூழல், குணம் ஆகியவற்றில் ஒத்திருக்கும் இருவரை இணையாகச் சேர்த்து, நாணயம் சுண்டி, ஒருவனுக்கு உதவி, மற்றவனுக்கு ஒன்றுமில்லை என்று முடிவுசெய்தார்கள். 1939இல் உதவி தொடங்கியது. ஆலோசகர் ஒருவர் சராசரியாக மாதம் இருமுறை வீட்டுக்கு வந்தார். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். இது சராசரியாக ஐந்தரை ஆண்டுகள் நீடித்தது. குலுக்கலில் ஒதுக்கி, நீண்டகாலம் பின்தொடர்ந்த சமூகத் திட்டங்களில் இதுவே முன்னோடி என்பார்கள்.

முப்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அப்போது அவர்கள் நடுத்தர வயது மனிதர்கள். உதவி பெற்றவர்களில் பதிலளித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர், அது தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். அந்த ஆலோசகரை நன்றியோடு நினைவுகூர்ந்தவர்கள் பலர். ஆனால் ஆவணங்கள் வேறு கதை சொன்னன. குடிக்கு அடிமையாதல், கடும் மனநோய், இளம் வயதில் இறப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்கள் என்று எதை எடுத்தாலும், உதவி பெறாத இணையைவிட உதவி பெற்றவரே மோசமான நிலையில் இருந்தார். 1978இல் இது வெளியானபோது பலருக்கு நம்ப மனம் வரவில்லை. பிற்பாடு தரவுகளைப் பிரித்துப் பார்த்ததில் ஒரு விளக்கம் தெரிந்தது: ஒரு முறைக்கு மேல் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களிடமே கேடு திரண்டிருந்தது. அடங்காத பையன்களை ஓரிடத்தில் கூட்டினால், அவர்கள் ஆலோசகரிடம் கற்பதைவிட ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதே மிகுதி. நீங்கள் சொல்லும் சிறைச் சுற்றுலாவும் பையன்களைக் கும்பலாகத்தானே அழைத்துச் செல்கிறது?

கவனியுங்கள், அந்த இணைச் சிறுவர்கள் மட்டும் இல்லாதிருந்தால், பயனடைந்தவர்களின் நன்றியுரைகளை மட்டும் வைத்து இத்திட்டம் மாபெரும் வெற்றி என்று எழுதப்பட்டிருக்கும். கெட்ட எண்ணத்தோடு யாரும் எதையும் செய்யவில்லை.

கேள்வி: மனைவியை அடிக்கும் கணவனைக் காவல்துறை அங்கேயே கைது செய்ய வேண்டுமா, கண்டித்து விட்டால் போதுமா? உங்கள் ஆய்வுகள் இதற்கு என்ன சொல்கின்றன? என் தங்கையின் நிலைமை காரணமாகக் கேட்கிறேன்.

பதில்: முதலில் ஒன்று. உங்கள் தங்கை ஆபத்தில் இருக்கிறார் என்றால், ஆய்வுகளின் சராசரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவர் பாதுகாப்பாகத் தங்க ஓர் இடமும், நம்பகமான சட்ட உதவியும் உடனே தேவை. சராசரி என்பது ஆயிரம் வீடுகளைப் பற்றியது. அவருடைய வீட்டைப் பற்றியதன்று.

இனி ஆய்வு. 1981-82இல் மினியாபோலிஸ் நகரக் காவல்துறை துணிச்சலான ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டது. லாரன்ஸ் ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் வடிவமைத்த அச்சோதனையில், வீட்டு வன்முறைப் புகாருக்குச் செல்லும் காவலர் என்ன செய்வது என்பதை அவருடைய கையிலிருந்த படிவக் கட்டில் அடுத்து வரும் தாளின் நிறம் தீர்மானித்தது: கைது, அல்லது ஆலோசனை, அல்லது கணவனைச் சில மணி நேரம் வெளியே அனுப்புதல். மொத்தம் 314 வழக்குகள். காவல்துறைப் பதிவுகளின்படி, ஆறு மாதத்துக்குள் மீண்டும் வன்முறை நிகழ்ந்தது கைதானவர்களில் 10 விழுக்காடு, ஆலோசனை பெற்றவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24. செய்தித்தாள்கள் கொண்டாடின, அமெரிக்காவின் பல நகரங்களும் மாநிலங்களும் கைதை விதியாக்கின, சில இடங்களில் கட்டாயமாகவே ஆக்கின.

அதன்பிறகு ஒமாஹா, சார்லட், மில்வாக்கி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமி பகுதி ஆகிய இடங்களில் அதே சோதனை திரும்பச் செய்யப்பட்டது. விடை ஒன்றுபோல் வரவில்லை. வேலையில் இருந்தவனைக் கைது அடக்கியது. வேலையற்றவனைச் சில நகரங்களில் அது மேலும் மூர்க்கனாக்கியது. இழக்க ஒன்றும் இல்லாதவனுக்குக் கைது அவமானம் மட்டுமே. அந்த அவமானத்தை அவன் வீட்டுக்குத்தான் கொண்டுவருகிறான். ஐந்து இடங்களின் தரவுகளையும் ஒன்றாக்கிப் பார்த்தவர்கள், கைதுக்குச் சிறு அளவில் நற்பயன் உண்டு என்றே கண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மில்வாக்கியில் புகார் செய்த பெண்களை 23 ஆண்டுகளுக்குப் பிறகு ஷெர்மன் மீண்டும் தேடினார். எச்சரித்து விடப்பட்டவர்களின் துணைவியரைவிட, கைதானவர்களின் துணைவியரிடையே இறப்பு 64 விழுக்காடு அதிகம். அந்த இறப்புகளில் பெரும்பாலானவை கொலையல்ல, நோயால் நேர்ந்தவை. ஏன் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தன் முதல் சோதனையின் புகழைத் தானே பல ஆண்டுகளாகச் சோதித்துக்கொண்டிருந்த ஷெர்மனின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆறு மாத முடிவை வைத்து நாடு முழுதுக்கும் சட்டம் எழுதிய அவசரத்தை அதே அளவுக்கு மதிக்க முடியவில்லை. அதே வேளையில், கைது என்பது எதிர்காலத் தடுப்புக்கான கருவி மட்டுமன்று. அடிப்பது குற்றம் என்று அரசு எடுத்துச்சொல்லும் முறையும் அதுவே. ஆகவே விடை, கைது வேண்டாம் என்பதன்று. கைதோடு நின்றுவிட்டு அந்தப் பெண்ணை அப்படியே விட்டுப் போகக் கூடாது என்பதாகவே நான் படிக்கிறேன்.

கேள்வி: பெண்களுக்கு எதிரான குற்றங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன என்று படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. காலம் கெட்டுவிட்டதா?

பதில்: கூடியது குற்றமா, பதிவா என்பதை முதலில் பிரித்தாக வேண்டும். இந்தியாவில் 1993க்குப் பிறகு உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மாநிலங்கள் அதை வெவ்வேறு ஆண்டுகளில் செயல்படுத்தின. லட்சுமி ஐயரும் உடன் ஆய்வாளர்களும் அந்த இடைவெளியைப் பயன்படுத்தி ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, பெண் பிரதிநிதிகள் வந்த பிறகு பெண்களுக்கு எதிரானவை என்று பதிவான குற்றங்கள் 40 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தன. பெண்களைக் குறிவைக்காத குற்றங்களில் அத்தகைய உயர்வு இல்லை. பெண்கள் துணிந்து புகார் கொடுத்தார்கள், காவலர்களும் எழுதிக்கொண்டார்கள் என்பதே ஆய்வாளர்கள் கண்ட காரணம். அந்த எண் உயர்ந்தது நற்செய்தி.

காவல் நிலையத்துக்கு வராத குற்றங்களை அறியவே, வீடு வீடாகச் சென்று ‘அண்மைக் காலத்தில் உங்களுக்கு என்ன நேர்ந்தது’ என்று கேட்கும் கணக்கெடுப்புகள் அமெரிக்காவில் 1973 முதலும், பிரிட்டனில் 1982 முதலும் நடக்கின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பில், வன்முறைக் குற்றங்களில் ஏறத்தாழப் பாதி காவல்துறைக்குத் தெரிவிக்கப்படுவதே இல்லை என்று திரும்பத் திரும்பத் தெரியவருகிறது. காலங்களையும் நாடுகளையும் ஒப்பிட வேண்டுமானால் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கொலையையே நாடுவது அதனால்தான். உடலை மறைப்பது கடினம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: அவசர மருத்துவம் முன்னேறினால், நேற்று கொலையாகியிருக்கக் கூடிய கத்திக்குத்து இன்று காயமாக நின்றுவிடுகிறது.

கேள்வி: தெருவெங்கும் காவல் வாகனம் சுற்றினால் திருட்டு நின்றுவிடும் அல்லவா? நின்றாலும், திருடன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் பாதி சரி, பாதி தவறு, குடும்ப அமைதிக்கு இது உகந்த தீர்ப்பு என்று நினைக்கிறேன். கன்சாஸ் சிட்டியில் 1972-73இல் பதினைந்து ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து. ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு. ஐந்தில் அழைப்பு வந்தால் மட்டும் வாகனம் நுழையும். ஓராண்டு முடிவில் குற்றத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மக்களும் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. பரவலாகத் தெளிக்கும் ரோந்து பயனற்றுப்போவது ஏன் என்பது 1989இல் விளங்கியது: மினியாபோலிஸ் நகரின் முகவரிகளில் வெறும் 3 விழுக்காட்டிலிருந்தே காவல்துறைக்கு வரும் அழைப்புகளில் பாதி வந்துகொண்டிருந்தன. அந்தச் சில முனைகளில் மட்டும் காவலரை நிறுத்தினால் குற்றம் குறைகிறது என்பதற்குப் பின்வந்த சோதனைகள் நல்ல சான்று தருகின்றன. அங்கே வசிக்கும் மக்களுக்குக் காவல்துறை மீதான நம்பிக்கை நாளடைவில் என்ன ஆகிறது என்பது போதுமான அளவு ஆராயப்படவில்லை. அது எனக்குக் கவலை தருகிறது.

திருடன் இடம் மாறுவதைப் பற்றி உங்கள் கணவருக்கு ஒரு ஜெர்மன் கதை. மேற்கு ஜெர்மனியில் 1980இல், தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். நோக்கம் விபத்தைக் குறைப்பது. அடுத்த சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள் திருட்டு மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. கண்ணில் பட்ட வண்டியில் தாவி ஏறிப் போகும் திருடன் கையில் தலைக்கவசம் வைத்துக்கொண்டா அலைவான்? அவன் காருக்கோ மிதிவண்டிக்கோ மாறியதாகவும் எண்கள் காட்டவில்லை. திருட்டுகளில் பெரும்பகுதி தீராத வெறியால் நடப்பதன்று, வாய்ப்பு எளிதாக இருப்பதால் நடப்பது.

கேள்வி: நார்வேச் சிறையிலிருந்து வருபவர்களில் 20 விழுக்காட்டினரே மீண்டும் குற்றம் செய்கிறார்கள், அமெரிக்காவில் 68 விழுக்காடு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: எண்கள் இரண்டும் உண்மை, ஒப்பீடு பொய். நார்வேயின் எண், இரண்டு ஆண்டுக்குள் மீண்டும் தண்டனை பெற்றவர்களுடையது. அமெரிக்காவின் எண், மூன்று ஆண்டுக்குள் மீண்டும் கைதானவர்களுடையது. கைதானவர்கள் எல்லாரும் தண்டனை பெறுவதில்லை. அளவுகோலை ஒன்றாக்கினால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும். நார்வேயின் முறைக்கு வேறு நல்ல சான்று இருக்கிறது: வழக்குகள் கடுமையான நீதிபதிக்கும் மென்மையான நீதிபதிக்கும் குலுக்கல் போலப் பகிர்ந்தளிக்கப்படுவதைப் பயன்படுத்திய ஆய்வொன்று, முன்பு வேலையின்றி இருந்தவர்களிடம் சிறைவாசம் மீள்குற்றத்தைக் குறைத்ததாகக் கண்டது, சிறையில் கிடைத்த தொழிற்பயிற்சியும் பின்னர் கிடைத்த வேலையுமே காரணம் என்கிறார்கள்.

கேள்வி: எதைக் கேட்டாலும் ‘பயனில்லை’ என்கிறீர்கள். பயன் தந்த ஒன்றையாவது சொல்லுங்கள். (கல்லூரி மாணவர்)

பதில்: உங்கள் அலுப்பை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன் புரிந்துகொண்டிருப்பார். மறுவாழ்வுத் திட்டங்களை அலசி 1974இல் அவர் எழுதிய கட்டுரையை ‘எதுவும் பயன் தராது’ என்ற ஒற்றை முழக்கமாக அரசியல்வாதிகள் சுருக்கிக்கொண்டார்கள். 1979இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டபோது கேட்க ஆளில்லை.

பயன் தந்ததற்கு லைபீரியாவைப் பாருங்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மன்ரோவியா நகரில், திருட்டிலும் போதைப்பொருள் விற்பனையிலும் வன்முறையிலும் ஈடுபட்டிருந்த 999 ஆண்களைக் கிறிஸ்டஃபர் பிளாட்மனும் உடன் ஆய்வாளர்களும் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் சிந்தனை, நடத்தைப் பயிற்சி. ஒரு பிரிவுக்கு 200 டாலர் ரொக்கம். ஒரு பிரிவுக்கு இரண்டும். ஒரு பிரிவுக்கு எதுவுமில்லை. பயிற்சியில் உபதேசம் குறைவு. கோபம் வரும்போது மூச்சை நிதானமாக்குவது, முடிதிருத்தி நல்ல உடை உடுத்துவது, வங்கிக்குள் நுழைந்து ஒரு குடிமகனாக விவரம் கேட்டுவருவது போன்ற வீட்டுப்பாடங்களே மிகுதி. ரொக்கம் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் சில வாரங்களில் கரைந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் ஓராண்டில் பெரும்பாலும் மங்கியது. இரண்டும் பெற்றவர்களிடம், பத்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோதும், திருட்டு முதலிய செயல்கள், எதுவும் பெறாத பிரிவில் இருந்ததில் ஏறத்தாழப் பாதியாக இருந்தன.

அந்தப் பணம் அவர்களைச் செல்வந்தர்களாக்கவில்லை. சிறு வணிகம் தொடங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே அதை இழந்தும்விட்டார்கள். ஆய்வாளர்களின் ஊகம் இது: அந்தச் சில மாதங்கள், புதிய மனிதராக நடந்து பழகுவதற்கான கால அவகாசத்தை அவர்களுக்கு வாங்கித் தந்திருக்கலாம்.